வெட்ஜ் அடியில நீலம் பூசிப் பார்த்தது: ஷார்ட் கேமுக்கு எதை வெச்சுக்கலாம், எதை ராவலாம்

இது கோல்ஃப்ல ஸ்கோர் குறைக்கறதுக்கு டிப்ஸ் குடுக்கற பதிவு இல்லீங்க. பேக்ல இருந்த வெட்ஜ் (கிட்டத்துல இருந்து பாலைத் தூக்கி அடிக்கற கிளப், அதாவது மட்டை), பால், புட்டர் (ஹோலுக்கு உருட்டற கிளப்) மூணையும் நம்ம ஊர் தரையில வெச்சு டெஸ்ட் பண்ணி, எதை வெச்சுக்கறது எதை வித்துத் தொலைக்கறதுன்னு முடிவு பண்ணுன கணக்கு, அவ்வளவுதான். நமக்கு கோயமுத்தூர், கணபதிப் பக்கம் மெஷின் ஷாப்ல வேலை, அதனால பெஞ்ச் வைஸ், அளவு பார்க்கற மட்டப் பலகையான சர்ஃபேஸ் பிளேட், பெல்ட் கிரைண்டர் எல்லாம் பக்கத்துலயே இருக்கு. இல்லாதவங்களும் இதுல பாதிக்கு மேல வீட்லயே செய்யலாம்.

ஹோலுக்கு 100 கெஜத்துக்குள்ள ஆடறது தான் ஷார்ட் கேம், நம்மள மாதிரி வாரக்கடைசி ஆளுங்களுக்கு ஸ்ட்ரோக் எல்லாம் ஓட்டையா ஒழுகறது அங்கதான். ஆனா காசு எல்லாம் தூரம் அடிக்கற டிரைவர் கிளப்புக்குப் போயிடுது, வெட்ஜுன்னா செட்டோட வந்தது போதும்னு விட்டுடறோம்.

முதல் வேலை லாஃப்ட், அதாவது முகத்தோட சாய்வு, அளக்கறது. கிளப்ல 56ன்னு அடிச்சிருந்தா அது 56 தான்னு நம்பாதீங்க, ஒரு டிகிரி முன்ன பின்ன இருக்கறது சாதாரணம், பழைய கிளப்னா யாராவது வளைச்சும் இருப்பாங்க. அளக்கறதுக்கு காந்தம் வெச்ச டிஜிட்டல் ஆங்கிள் கேஜ் ஒண்ணு போதும், ஹார்டுவேர் கடையிலயே கிடைக்குது. கிளப்பை அட்ரஸ் பண்ற (அடிக்கறதுக்கு முன்னாடி தரையில வெக்கற) மாதிரியே, அதாவது முகத்துல இருக்கற கோடு எல்லாம் தரைக்கு மட்டமா இருக்கற மாதிரி வைஸ்ல மென்மையா புடிச்சு, ஷாஃப்ட் (கிளப்போட தண்டு) முன்னாடியோ பின்னாடியோ சாயாம தூக்குக்குண்டு விட்டுப் பார்த்துட்டு, கேஜை முகத்துல கோட்டுக்குக் குறுக்கா ஒட்டுனா நெட்டுக்குத்துல இருந்து எத்தனை டிகிரி சாஞ்சிருக்கோ அதுதான் லாஃப்ட். வைஸ்ல புடிக்கும்போது ஷாஃப்ட்டுக்கு ரப்பர் சுத்திக்கோங்க, இறுக்கி நசுக்கிட்டா போச்சு.

செட்டோட வந்த பிட்சிங் வெட்ஜ் 44.3 காட்டுச்சு. செகண்ட் ஹேண்ட்ல வாங்குன 56 போட்ட சாண்ட் வெட்ஜ் 55.1. அப்பறம் ஆசைப்பட்டு வாங்குன 60, அது கரெக்டா 60. இப்ப கணக்கு போட்டுப் பாருங்க, 44க்கும் 55க்கும் நடுவுல கிட்டத்தட்ட 11 டிகிரி ஓட்டை. ஒவ்வொரு கிளப்புக்கும் நாலுல இருந்து ஆறு டிகிரி வித்தியாசம் இருந்தா தான் தூரம் சீரா இறங்கி வரும். பழைய செட்டுல பிட்சிங் வெட்ஜே 48, 49 இருக்கும், இப்ப தூரம் காட்டறதுக்காக கம்பெனிக்காரங்க ஒவ்வொரு அயர்னையும் (இரும்புத் தலை கிளப்) படுக்க விடாம நிமித்திட்டே வந்துட்டாங்க, அதனால கீழ ஒரு பள்ளம் விழுந்துடுச்சு. 90 கெஜத்துல நின்னா ஒண்ணு பிட்சிங்கை அரை சுத்து சுத்தணும், இல்ல சாண்ட் வெட்ஜை உசுரைக் குடுத்து அடிக்கணும். ரெண்டும் வேலைக்கு ஆகாது. அதனால ஒரு 50 வாங்கியே ஆகணும்னு இங்கயே முடிவாயிடுச்சு.

60 எதுக்குன்னு யோசிச்சேன். 14 கிளப்புக்கு மேல பேக்ல வெக்கக்கூடாதுன்னு ரூல், 50 உள்ள வந்தா ஏதாவது ஒண்ணு வெளிய போகணும். டிவில ஃபில் மிக்கல்சன் கிட்டத்துல நின்னு ஆகாசத்துக்குத் தூக்கி ஹோலுக்குப் பக்கத்துல பொத்துனு போடறதைப் பார்த்து எல்லாருக்கும் ஒரு 60 மேல கண்ணு. ஆனா நமக்கு பாலக்காட்டுக் கணவாய் வழியா வர்ற காத்து இருக்கே. ஆடிக்காத்துல அம்மியும் பறக்கும்பாங்க, 46 கிராம் கூட இல்லாத பாலைத் தூக்கி விட்டா அது எந்த ஊர்ல இறங்கும். தாழ அடிச்சு ரெண்டு குதியில நிக்கற ஷாட் தான் இங்க ஓடும். 60 வெளிய.

இனிமே தான் முக்கியமான சங்கதி, பவுன்ஸ். வெட்ஜ் அடிப்பக்கத்தைப் பாருங்க, முன் விளிம்பை விட பின்பக்கம் தாழ இறங்கி இருக்கும். அந்தச் சரிவு தான் பவுன்ஸ், கிளப் மண்ணுக்குள்ள குத்தி இறங்காம வழுக்கிட்டுப் போறதுக்கு. நாலு, ஆறு டிகிரின்னா கம்மி, ஏழுல இருந்து பத்து நடுத்தரம், அதுக்கு மேல ஜாஸ்தி. மெத்துனு புல்லு, பொலபொலன்னு மணல்னா ஜாஸ்தி பவுன்ஸ் தெய்வம். நம்ம பக்கம் மழை இல்லாத மாசத்துல ஃபேர்வே (ஆடற புல்தரைப் பாதை) இறுகிக் கிடக்கும், புல்லும் பெர்முடா, அதாவது பிள்ளையாருக்குப் போடற அருகம்புல்லு ஜாதி தான், ஒட்ட வெட்டி இருப்பாங்க, பாலுக்கு அடியில விரல் நுழையாது. அங்க 14 டிகிரி பவுன்ஸ் வெச்ச கிளப்பை முகத்தைத் திறந்து வெச்சு, அதாவது வானத்தைப் பார்க்கத் திருப்பி, அடிச்சா பின்பக்கம் முதல்ல தரையில பட்டு எகிறி, முன் விளிம்பு பாலோட வயித்துல போய் அடிச்சு, பால், ஹோல் இருக்கற கிரீனைத் தாண்டி அந்தப் பக்கம் ஓடிடும்.

இது எதுவும் கடையில தெரியாது. கடையில மேட்டு, அதாவது விரிப்பு, போட்டிருப்பாங்க, பாலுக்கு ரெண்டு இஞ்ச் பின்னாடி அடிச்சாலும் கிளப் மேட்டு மேல வழுக்கிட்டுப் போய் பாலை நல்லாவே அடிச்சுடும், ஸ்கிரீன்லயும் அழகா நம்பர் காட்டும். எந்த வெட்ஜும் மேட்ல நல்ல வெட்ஜ் தான். தயவு செஞ்சு மேட்ல அடிச்சுப் பார்த்து வெட்ஜ் வாங்காதீங்க, கூட ஆடறவங்ககிட்ட அரை ரவுண்டுக்குக் கடன் வாங்கியாவது புல்லுல அடிச்சுப் பாருங்க.

நான் பண்ணுனது இது. ஷாப்ல மார்க்கிங் பண்றதுக்கு வெச்சிருக்கற நீலம் இருக்கு இல்ல, அதை சாண்ட் வெட்ஜோட அடிப்பக்கம் முழுக்கப் பூசி காய விட்டுட்டேன். ஒயிட்போர்டு மார்க்கர்லயும் பண்ணலாம், ஆனா சீக்கிரம் அழிஞ்சுடும். கோர்ஸ்ல பிராக்டிஸ் பண்ற இடத்துல கட்டாந்தரை மாதிரி ஒரு இடம் பார்த்து, முகத்தை நேரா வெச்சு கொஞ்சம், திறந்து வெச்சு கொஞ்சம்னு அடிச்சேன், ரெண்டுக்கும் நடுவுல புது நீலம். அப்பறம் திருப்பிப் பார்த்தா எங்க தேய்ஞ்சிருக்கோ அங்கதான் தரை படுதுன்னு அர்த்தம். நேரா வெச்சு அடிச்சதுல அடிப்பக்கத்துக்கு நடுவுல ஒரு கட்டை விரல் அகலத்துக்குப் பளபளன்னு தேய்ஞ்சிருந்துச்சு, அது சரி. திறந்து வெச்சு அடிச்சதுல நடுவுல நீலம் அப்படியே இருக்கு, பின் விளிம்பும் ஹீல் (ஷாஃப்ட் சேர்ற பக்கம்) மூலையும் மட்டும் வெள்ளையா உரிஞ்சு போயிருக்கு, முன் விளிம்புகிட்ட ஒரு கீறல் கூட இல்ல. அதாவது அந்த மூலை தான் கிளப்பைத் தூக்கிப் புடிச்சிட்டு இருக்கு.

சந்தேகம் தீரட்டும்னு சர்ஃபேஸ் பிளேட்ல முகத்தைத் திறந்து வெச்சு, முன் விளிம்புக்கு அடியில டிரில் பிட்டோட பின்பக்கத்தை ஒவ்வொண்ணா நுழைச்சுப் பார்த்தேன். 7 மி.மீ. பிட் தாராளமா உள்ள போகுது. 7 மி.மீ. மேல நிக்கற விளிம்பு கட்டாந்தரையில பாலுக்கு அடியில எப்படிப் போகும்.

இதுக்கு கம்பெனிக்காரங்க வெச்சிருக்கற மருந்து தான் கிரைண்ட். ஒரே 56லயே ஹீல்லயும் பின் விளிம்புலயும் உலோகத்தை எடுத்து விதவிதமா விக்கறாங்க, பேருக்குப் பதிலா ஒரு எழுத்து போட்டிருப்பாங்க. ஆனா ஒரு கம்பெனியோட 10ம் இன்னொருத்தரோட 10ம் ஒண்ணு இல்ல, அடிப்பக்கம் எவ்வளவு அகலம், எவ்வளவு வளைவுங்கறதைப் பொறுத்து மாறிடும். அடிச்சிருக்கற நம்பரை வெச்சு முடிவு பண்ண முடியாது. புது வெட்ஜ் ஒண்ணுக்கு பத்தாயிரத்துக்கு மேல குடுக்கறதுக்கு, கையில இருக்கறதை ராவிப் பார்த்துடலாம்னு இறங்கிட்டேன்.

கிரைண்டிங் பார்க்கற அண்ணன் கையில வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாரு. "ஏனுங் தம்பி, குரோம் போட்ட சாமானைப் போய் ராவச் சொல்றீங்க, துரு புடிச்சுக்குமுங்க."

"புடிச்சா புடிக்கட்டுங்ண்ணா, எண்ணெய் போட்டுக்கலாம். இந்த மூலையை மட்டும் எடுத்துக் குடுங்க."

"எவ்வளவு எடுக்கோணும்?"

"நீலம் உரிஞ்சிருக்கற அளவுக்கு."

இந்த வேலை ஒண்ணும் புதுசு இல்ல. சாண்ட் வெட்ஜ் பொறந்ததே இப்படித்தான், ஜீன் சாரசன்ங்கற அமெரிக்க ஆட்டக்காரர் தன்னோட நிப்ளிக்ங்கற அந்தக் காலத்து கிளப்புக்கு அடியில ஈயத்தைப் பத்த வெச்சு பின்பக்கத்தைத் தாழ்த்தி, மணல்ல இறங்காத மாதிரி பண்ணி, அதோட போய் 1932ல இங்கிலாந்துல பிரின்சஸ் கோர்ஸ்ல பிரிட்டிஷ் ஓப்பன் ஜெயிச்சாரு. அவரு சேர்த்தாரு, நாம எடுக்கறோம்.

பெல்ட் கிரைண்டர்ல தான் எடுத்தோம், கல்லு வெச்சா பள்ளம் விழும். ரெண்டு தொடு, ஒரு தண்ணி முக்கல், மறுபடி ரெண்டு தொடு. இதுல அவசரம் கூடாது, ஏன்னா தலையையும் ஷாஃப்ட்டையும் புடிச்சிருக்கறது எபாக்சி பசை, தலை சூடேறுனா அது இளகிடும், அப்பறம் கோர்ஸ்ல சுத்தும்போது தலை தனியா பறக்கும். கையால தொட முடியாத சூடு வந்தா நிறுத்திடணும். கண்ணாடி, மாஸ்க் கட்டாயம். ஹீல் மூலையை ரவுண்டா எடுத்து, பின் விளிம்பை ஒரு சாய்வா சீவி விட்டு, எமரி போட்டு வழவழன்னு ஆக்கியாச்சு. முன் விளிம்பைத் தொடவே இல்ல. முகத்தையும் தொடாதீங்க, அது வேற கதை, கீழ வரேன்.

மறுபடி சர்ஃபேஸ் பிளேட். திறந்து வெச்சா இப்ப 5 மி.மீ. பிட் போகல, 4.5 போகுது. எடை போட்டா தலையில 9 கிராம் காணோம். தலையில ரெண்டு கிராமுக்கு ஸ்விங் வெயிட் (சுத்தும்போது தெரியற தலைப்பாரம்) ஒரு பாயிண்ட் மாறும்பாங்க, அப்ப நாலு பாயிண்ட்டுக்கு மேல லேசாயிடுச்சு, கையில எடுத்தாலே குச்சியைச் சுத்தற மாதிரி இருக்கு. டெஸ்ட்டுக்கு மட்டும் கார் வீல் பேலன்ஸிங் கடையில ஒட்டுற 5 கிராம் வில்லையை முதுகுல ஒட்டிப் பார்த்து, எவ்வளவு வேணும்னு தெரிஞ்சதும் அதை எடுத்துட்டு லெட் (ஈய) டேப் 6 கிராமுக்கு ஒட்டிட்டேன். டேப் ஒட்டறதுக்கு ரூல்ல இடம் இருக்கு, ஆனா ரவுண்டு ஆரம்பிச்சதுக்கு அப்பறம் ஒட்டறது பிய்க்கறது ரெண்டும் கூடாது. கிளப்பை ராவறதும் அப்படித்தான், முன்னாடியே முடிச்சுக்கணும்.

மறுபடி நீலம், மறுபடி கட்டாந்தரை. இப்ப திறந்து வெச்சு அடிச்சாலும் நடு அடிப்பக்கம் தான் உரியுது. பால் வயித்துல அடி வாங்கறது அறவே நின்னுடுச்சான்னா இல்லீங்க, கையைச் சொருகி வெட்டுனா எந்தக் கிளப்பும் காப்பாத்தாது. ஆனா சத்தமே மாறிடுச்சு, முன்னாடி டங்குனு கேட்டது இப்ப சரக்குனு. மணல்ல ஒரு நஷ்டம் உண்டு, முன்னை மாதிரி கண்ணை மூடிட்டு அடிச்சா வெளிய வராது, முகத்தை இன்னும் கொஞ்சம் திறக்கணும். திறக்கத் திறக்க பவுன்ஸ் கூடும், ஷாஃப்ட்டை முன்னாடி சாய்ச்சா குறையும், இதை மனசுல வெச்சா போதும். துரு? அண்ணன் சொன்ன மாதிரியே வந்துச்சு, ராவுன இடத்துல மட்டும் செம்மண் கலர்ல. வாரம் ஒருக்கா தேங்கா எண்ணெய்.

அடுத்தது குரூவ். முகத்துல இருக்கற கோடு தேய்ஞ்சா ஸ்பின் (பாலை நிறுத்தற பின்சுழற்சி) போயிடும்னு எல்லாரும் சொல்றாங்க, எவ்வளவு தேய்ஞ்சிருக்குன்னு யாரும் பார்க்கறது இல்ல. முகத்துல லேசா எண்ணெய் தடவி எம்-சீல் உருட்டி அமுக்கி, இறுகுனதும் எடுத்து, பிளேடால குறுக்க நறுக்கி, தரம் பார்க்கற க்யூசி ரூம்ல, நிழலைப் பெருசாக்கிக் காட்டற ப்ரொஃபைல் ப்ரொஜெக்டர்ல வெச்சேன். பழைய சாண்ட் வெட்ஜோட கோடு நடுப்பகுதியில, அதாவது பால் படற இடத்துல, கரையே இல்லாம மழுங்கி குளத்து மேடு மாதிரி கிடக்கு. ஹீல் ஓரத்துல இருக்கற கோடு மட்டும் ஃபேக்டரில இருந்து வந்த மாதிரி நிக்குது. ரெண்டும் ஒரே ஸ்கிரீன்ல பக்கத்து பக்கத்துல தெரிஞ்சது. ரூல்படி கோட்டோட அகலம் 0.9 மி.மீ.க்கும் ஆழம் 0.508 மி.மீ.க்கும் மேல போகக்கூடாது, 2010 ஜனவரி 1ல இருந்து செய்யற வெட்ஜுல கரையோட ரேடியஸ் 0.254 மி.மீ.க்குக் குறையவும் கூடாது, அதாவது கத்தி மாதிரி கூரா இருக்கக்கூடாது. அதனால தான் ஆன்லைன்ல விக்கற குரூவ் கீறற கருவியை வாங்கி உழாதீங்கங்கறேன், ஸ்பின் வருதோ இல்லையோ கிளப் ரூலுக்கு வெளிய போயிடும்.

ஆனா ஒண்ணு, அந்த மழுங்கல் வெட்ஜையும் புது 50ஐயும் காய்ஞ்ச புல்லுல காய்ஞ்ச முகத்தோட சின்ன பிட்ச் (தூக்கி அடிக்கற கிட்ட ஷாட்) அடிச்சுப் பார்த்தா நான் பயந்த அளவுக்கு வித்தியாசம் இல்ல. ஸ்ப்ரே பாட்டில்ல தண்ணி அடிச்சுட்டு ஆடுனேன் பாருங்க, அங்க தெரிஞ்சது. ஈர முகத்துல பால் வழுக்கி, நினைச்சதை விட உசர கிளம்பி, இறங்கி ஓடுது. பழைசு ரொம்ப ஓடுது, புதுசு கொஞ்சம் கம்மியா ஓடுது. காலைல பனியோட ஆடறவங்க துண்டை இடுப்புலயே தொங்கப் போட்டுக்கோங்க, ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன்னாடி முகத்தைத் தொடைக்கறது புது வெட்ஜ் வாங்கறதுல பாதி பலன். ஓசி.

பாலுக்கு வருவோம். வைஸ்ல புடிச்சு ஹேக்சால ரெண்டு ஜாதியையும் அறுத்தேன். ஒண்ணு சாதா ரெண்டு அடுக்கு, நடுவுல ரப்பர் உருண்டை, மேல சர்லின்ங்கற பிளாஸ்டிக் தோல், தோல் நல்ல தடிமன், நகத்தால அமுக்குனா தடம் விழாது. இன்னொண்ணு யூரித்தேன் தோல் வெச்சது, டைட்லிஸ்ட் ப்ரோ வி1 ஜாதி, தோல் தடிமன் ஒரு மி.மீ. கூட வராது, அதுக்கு அடியில கெட்டியா ஒரு அடுக்கு, அப்பறம் தான் ரப்பர். அந்தக் கெட்டி அடுக்குக்கும் வெட்ஜ் முகத்துக்கும் நடுவுல மெல்லிசான மெத்துனு தோல் நசுங்கறதால குரூவ் அதைக் கவ்விப் புடிக்குது, ஸ்பின் அங்க இருந்து வருது. நூல் சுத்துன அந்தக் காலத்துப் பால் கிடைச்சா அறுக்காதீங்க, சிலதுக்குள்ள அழுத்தத்துல திரவம் இருக்கும்.

டெஸ்ட் ரொம்ப சிம்பிள். கிரீன்ல பால் விழ வேண்டிய இடத்துல ஒரு துண்டை விரிச்சு, துண்டு மேல விழுந்ததை மட்டும் கணக்குல எடுத்து, அங்க இருந்து எவ்வளவு ஓடுச்சுன்னு எட்டு வெச்சு அளந்தேன். ஒரே வெட்ஜ், ரெண்டு பாலும் மாத்தி மாத்தி. 9 அயர்ன்ல தாழ உருட்டுனா ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணு. 56ல 20 கெஜம் சிப் பண்ணுனா, அதாவது கொஞ்சம் தூக்கி மீதியை ஓட விட்டா, சர்லின் மூணு எட்டு கூட ஓடுச்சு. 40 கெஜம் பிட்ச்ல இன்னும் மோசம், யூரித்தேன் ரெண்டு குதியில பிரேக் புடிக்குது, சர்லின் கிரீனோட பின் ஓரம் வரைக்கும் போகுது. இத்தனைக்கும் சர்லின் தான் உசர கிளம்புச்சு. நான் வெட்ஜுல பண்ணுன எந்த வேலையும் இவ்வளவு வித்தியாசம் காட்டல.

யூரித்தேன் விலை தான் பிரச்சனை, நல்லது ஒண்ணு முந்நூறு நானூறுன்னு போகுது, ஓடையில விழுந்தா ஒரு குடும்பத்துக்கு பிரியாணி போச்சு. தொலைஞ்சதைத் தேடி எடுத்த பாலை விக்கற கேடி (பேக் தூக்கற) பையன்கிட்ட பேரம் பேசிட்டு இருந்தப்ப அவனே சொன்னான், "சார், இது தண்ணில ரொம்ப நாள் கிடந்ததுங்க, பழக வெச்சுக்கோங்க, மேட்ச்சுக்கு வேண்டாம்." நேர்மையான பையன். பெயிண்ட் அடிச்சு புதுசாக்குனதை மட்டும் தொடாதீங்க, டிம்பிள் (பால் மேல இருக்கற குழி) அடைஞ்சு போய் எங்க பறக்கும்னே தெரியாது. என்னோட ஏற்பாடு, எடுத்த பால்லயே யூரித்தேன் மாடல் ஒண்ணை முடிவு பண்ணி அதையே பொறுக்கி வாங்கறது. சிப்பிங் பழகறதும் அதுலயே. பழகறது ஒரு பால், ஆடறது ஒரு பால்னா கைக்கு தூரமே படியாது.

புட்டர் சீக்கிரமா முடிச்சுடறேன், ஏன்னா அங்க கிளப்பை விட நீளம் தான் விஷயமா இருந்துச்சு. அலுமினியம் சேனல்ல வி மாதிரி பள்ளம் வர்ற மாதிரி மடக்கி கிரீனோட வேகம் அளக்கற ஸ்டிம்ப்மீட்டர் ஒண்ணு செஞ்சேன், பாலை மேல வெச்சு மெதுவா தூக்குனா 20 டிகிரி பக்கம் வரும்போது உருண்டு இறங்கற மாதிரி ஒரு சின்ன குழி. எட்வர்ட் ஸ்டிம்ப்சன்ங்கறவர் 1935ல யோசிச்ச சாமான் இது, அமெரிக்க கோல்ஃப் சங்கம் 1978ல தான் கோர்ஸுகளுக்குக் குடுத்துச்சு. நம்மளது துல்லியம் எல்லாம் இல்ல, ஆனா கிரீன்ல எல்லா தடவையும் ஒரே வேகத்துல பாலை விடறதுக்கு ஆச்சு. அருகம்புல்லு படுத்திருக்கற பக்கமா விட்டா ஒரு தூரம், எதிர்த்து விட்டா கண்ணுக்கே தெரியற அளவுக்குக் கம்மி. அது தெரியாம நாம புட்டரைத் திட்டிட்டு இருக்கோம். 35 இஞ்ச் புட்டர் எனக்கு நீளம், டோ (தலையோட நுனி) பக்கம் தூக்கிட்டு நின்னுச்சு, முகத்துல முகப்பவுடர் பூசி அடிச்சா தடம் எல்லாம் ஹீல் பக்கம் விழுந்திருந்தது. ஒரு இஞ்ச் வெட்டி 34 ஆக்கி, தலைக்கு அடியில மீதி இருந்த லெட் டேப்பை ஒட்டுனேன், தடம் நடுவுக்கு வந்துடுச்சு. மேலட்டு, பிளேடு, ஆயிரத்தெட்டு ஷேப்பு, எதுவும் மாத்தல.

இப்ப பேக்ல 44, 50, ராவுன 55, ஒரே மாடல் யூரித்தேன் பால், வெட்டுன புட்டர். 60ஐ வித்த காசு 50 வாங்குனதுல பாதிக்கு ஆச்சு. அந்த 50க்கு மட்டும் கிரிப் இன்னும் கடையில போட்டதே இருக்கு, சன்னமா இருக்கறதால அடியில டேப் ரெண்டு சுத்து கூட சுத்தி மாத்தணும், தின்னரும் டபுள் டேப்பும் வாங்கி வெச்சாச்சு.